வருஷத்துக்கு ஒரு வேளை சாப்பிடுகிறவர்

பதினான்காம் வாரம்

மனிதன் மறப்பான். பாறை தேயும். சாம்ராஜ்யங்கள் மண்ணோடு மண்ணாகும். ஆனால் அரசாங்கத்தின் நினைவுக்கு மட்டும் அழிவில்லை. ஒரு குடிமகனுக்குத் தவறிப்போய் ஒரே ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் போதும்; அவன் எந்தத் திட்டத்தின் கூரைக்கடியில் போய் ஒதுங்கினாலும் அதன் நீண்ட கை அவனைத் தேடி வந்தே தீரும்.

தேடி வந்த கை வீட்டு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தது. அதனால் கடிதம் பதினோரு நாள் பக்கத்து வீட்டு நாய்க்கூண்டின் மேல் கிடந்தது.

நாய் கொஞ்சம் தின்றது போக மிச்சம் இருந்ததைப் போன வாரம் படித்தோம். ஆண்ட்ரி பெட்ருனாக்குக்கு வயது அறுபத்து நான்கு. நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மூக்கில் குழாய், கட்டிலடியில் முணுமுணுக்கும் ஆக்ஸிஜன் மிஷின். எழுபது வயது அக்கா தெக்லாவோடு அப்பா கட்டிய மரவீட்டில் இருக்கிறான். வசதி இல்லாதவர்களுக்கான உதவித்தொகை ஐந்து வருஷம் வந்துகொண்டிருந்தது. போன வருஷம் அது நின்று, கண்ணாடி ஆலையில் விட்டுவிட்டுப் பார்த்த வேலைக்காக ஓய்வூதியம் வர ஆரம்பித்தது.

கடிதம் சொன்னது இவ்வளவுதான்: உதவித்தொகைக் காலத்தில் உங்களுக்கு ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர் அதிகமாகத் தந்துவிட்டோம். அந்தத் திட்டத்தில் இப்போது நீங்கள் இல்லை. ஆகவே அடுத்த மாதம் முதல் உங்கள் ஓய்வூதியத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வோம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாட்களுக்குள் நேரில் வரவும்.

இன்று முப்பதாவது நாள். ஜனவரி ஆறு.

ஊரில் மற்றவர்கள் கிறிஸ்துமஸ் மரத்தைப் பிடுங்கித் தெருவோரம் எறிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பழைய பஞ்சாங்கக்காரர்களான பெட்ருனாக் குடும்பத்துக்கும் குன்றின் மேலிருக்கும் கோயிலைச் சேர்ந்த நாற்பது வீடுகளுக்கும் இன்றுதான் பண்டிகைக்கு முந்தின நாள். காலையிலிருந்து பட்டினி. முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் சாப்பாடு.

தெக்லா விடியற்காலையிலேயே மேஜையைத் தயார் செய்துவிட்டாள். விரிப்புக்கு அடியில் வைக்கோல். குடும்பம் சிதறக் கூடாது என்று மேஜையின் நான்கு கால்களையும் சுற்றி ஒரு இரும்புச் சங்கிலி. தட்டுகளை வைத்தாள். தனக்கு ஒன்று, ஆண்ட்ரிக்கு ஒன்று, மிஹாலுக்கு ஒன்று.

மிஹால் அவர்களுடைய மூத்த அண்ணன்; இறந்தவர்களுக்கும் இந்த ராத்திரி ஒரு தட்டு உண்டு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் உறைந்த நீர்த்தேக்கத்தின் மேல் மீன் பிடிக்கப் போனவர். பனியில் போட்ட ஓட்டையும், முக்காலியும், ஒரு ஜோடி கையுறையும் கிடைத்தன. அவர் கிடைக்கவில்லை.

ஆண்ட்ரி குழாயை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, அப்பளம்போல் வெளுத்திருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கவுண்டி முதியோர் ஹோம் பத்தின நோட்டீஸை எங்க வச்ச?"

"அடுப்புல."

"படிச்சியா? ரெண்டு பேருக்கு ஒரு ரூம். டிவி எல்லாருக்கும் பொது."

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"டிவி பொதுன்னா ரிமோட் யாரு கையில இருக்கும்? அதைச் சொல்ல மாட்டேங்கிறான் பாரு."

தெக்லா சிரிக்கவில்லை. பாதிப் பணம் போனால் எரிவாயுவுக்குக் கட்டலாம், இல்லை மின்சாரத்துக்குக் கட்டலாம், இரண்டுக்கும் முடியாது. மின்சாரம் நின்றால் கட்டிலடியில் முணுமுணுப்பும் நின்றுவிடும். அப்புறம் ஹோம்தான். அந்த ஹோமுக்குப் போன நாலு பேரைக் கோயில் பாதிரியார் அடக்கம் செய்திருந்தார். ஒருவரும் அங்கே இரண்டாவது குளிர்காலத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் ப்யூக் கார் உறுமியது. தியோடர் வந்துவிட்டார்.

தியோடர் பெட்ருனாக் அவர்களுடைய சித்தப்பா மகன். இரண்டு தடவை ஊர்மன்ற உறுப்பினர். கோயில் நிதிக்குழுவின் தலைவர். தன் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்றை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பார். இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். கூலி வாங்க மாட்டார். உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மூன்று டஜன் வாங்கிக்கொள்வார்.

"நான் இருக்கேன்ல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அவர் வழக்கமாகச் சொல்வது அது. மிஹால் காணாமல் போன அந்த வருஷமும் அதையேதான் சொன்னார். உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா, நான் இருக்கேன்ல என்று. முப்பத்தொரு வருஷமாக அவர் இருக்கிறார். சான்றிதழ்தான் இல்லை.

"அண்ணே, உதட்டுல சர்க்கரை ஒட்டியிருக்கு," என்றான் ஆண்ட்ரி.

"பனிடா அது."

"பனிக்கு இலவங்கப்பட்டை வாசனை வருமா?"

தியோடர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். முகம் கோணியது.

"இன்னும் ஒரு தட்டு வை தெக்லா. உன் மதினி ஃப்ளோரிடாவுல பொண்ணு வீட்ல இருக்கா. ராத்திரி நான் இங்கதான்."

நான்காவது தட்டு வந்தது.

அலுவலகத்துக்குக் காரில் இருபது மைல். ஆண்ட்ரியை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் இவர்கள் இரண்டு பேர் மட்டும். இருபுறமும் கரிய மரங்கள். நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவு வந்ததும் தியோடர் எப்போதும்போல ரேடியோவைச் சத்தமாக வைத்தார். தெக்லா அதை அணைத்தாள்.

"மனுவுல உண்மையைத்தான் எழுதப் போறேன்," என்றாள்.

"எந்த உண்மையை?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே நாள், இதே சமையலறையில உக்காந்து நீ ஃபாரம் எழுதின. 'இந்த வீட்டு மேஜையில எத்தனை பேர் சாப்பிடுறாங்க'ன்னு கேட்ட. நான் மேஜையைப் பாத்தேன். மூணு தட்டு இருந்துச்சு. மூணு பேருன்னேன்."

"பேர் கேட்டேன். மிஹால்னு நீதான் சொன்ன."

"பண்டிகை அன்னைக்குப் போனவங்களை இல்லைன்னு சொல்லலாமா? நீ கேக்காம இருந்திருக்கணும். இல்ல, எழுதாம இருந்திருக்கணும். நீ என்ன பண்ண? பெரிய எழுத்துல எழுதி, அடியில முத்திரையும் குத்தின."

தியோடர் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

குற்றம் இதுதான். வீட்டில் எத்தனை பேரோ, வீட்டுச் செலவில் அத்தனையில் ஒரு பங்கை ஆண்ட்ரி தர வேண்டும். மூன்று பேர் என்று நினைத்து மூன்றில் ஒரு பங்கு தந்தான். இருப்பது இரண்டு பேர் என்றால் பாதி தந்திருக்க வேண்டும். குறைந்ததை அக்கா போட்டிருக்கிறாள். அப்படியானால் அவன் அக்கா தயவில் ஓசியில் இருந்திருக்கிறான். ஓசியில் இருக்கிறவனுக்கு உதவித்தொகை குறைவு. இதைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு ஆறு வருஷம் ஆயிற்று. மூன்றாவது ஆளுக்கு வருமானம் இல்லை, வரி இல்லை, வைத்தியர் இல்லை, ஓட்டுப் போடவில்லை. அப்படி ஒரு அமெரிக்கன் இருக்க முடியாது என்ற முடிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது.

"அதுல ஒரு கட்டம் இருக்கு," என்றார் தியோடர், தொண்டையைச் செருமி. "தப்பான தகவல் தர யார் உதவி பண்ணாங்கன்னு. அங்க என் பேரை எழுதப் போறியா?"

"வேற யார் பேரை எழுதுறது?"

"வசந்தத்துல நிதிக்குழுத் தேர்தல் வருது தெக்லா."

"என் தம்பி மூச்சு விடணும் தியோடர்."

"நான் சொல்றதைக் கேளு. மிஹால் உயிரோட இருக்கான்னு சொல்லிடு. முடிஞ்சு போச்சு. மூணு பேருன்னா பாக்கியே இல்ல. செத்துட்டான்னு நிரூபிக்க அவங்க கிட்ட ஒரு காகிதம் கிடையாது. ஏன் கிடையாது? என்னாலதான் கிடையாது!" இந்த இடத்தில் அவர் குரலில் உண்மையாகவே பெருமிதம் இருந்தது.

அலுவலக வாசலில் ஒரு காவலர் பைகளைத் திறந்து பார்த்துப் பார்வையாளர் வில்லைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்றைக் கிழித்து நீட்டினார்.

"ரெண்டு பேர்தான்," என்றாள் தெக்லா.

காவலர் அவர்கள் தோளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "ஓ. அவர் வெளியவே நிக்கிறாரா? குளிருதே, உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

இருவரும் திரும்பினார்கள். கதவுக்கு வெளியே பனி. நிறுத்திய கார்கள். வேறொன்றும் இல்லை.

"யாரைச் சொல்றாரு?" என்று தியோடர் கிசுகிசுத்தார்.

"எனக்கென்ன தெரியும்."

"சிகரெட் குடிக்கிறவன் எவனாவது இருக்கும்." அதைச் சொல்லிவிட்டு அவர் கதவுக்கு முதுகைக் காட்டாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம். பசி வயிற்றைக் கவ்வியது. கடைசியில் கவுண்ட்டரில் திருமதி டாலிவர் என்ற பெண்மணி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். நல்ல மாதிரிதான். மேஜையில் பேரப்பிள்ளை படம், மிட்டாய்க் கிண்ணம்.

"பிடித்தம் வேண்டாம்னு மனு. சரி. காரணம் சொல்லுங்கம்மா."

தெக்லா வாயைத் திறந்தாள். தியோடரின் முழங்கை அவள் விலாவில் பட்டது. அவள் அதைத் தட்டிவிட்டாள். "அந்த ஃபாரத்துல மூணு பேருன்னு இருக்கு பாருங்க..."

"இருங்க, இருங்க. இது சம்பந்தமா ஏற்கெனவே ஒரு போன் வந்திருக்கே." திருமதி டாலிவர் திரையருகே குனிந்தார். "டிசம்பர் இருபத்தொண்ணு. மாலை நாலு பத்து. பேசினவர் பேர் மிஹால் பெட்ருனாக். பிறந்த தேதி கேட்டிருக்காங்க, சரி. அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் கேட்டிருக்காங்க, சரி."

தெக்லா மெல்லத் திரும்பித் தியோடரைப் பார்த்தாள். இதைச் செய்யக்கூடிய ஆள் பூமியில் ஒருவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தியோடரின் முகம் மாவு பிசைந்த பாத்திரம்போல் வெளிறிக் கிடந்தது. அவர் அவ்வளவு நன்றாக நடிக்கக்கூடியவர் இல்லை. ஊர்மன்றத்தில் பொய் சொன்னபோதெல்லாம் பிடிபட்டவர்.

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டாள்.

"அப்படியே எழுதியிருக்காங்க. 'நான் அந்த வீட்லதான் இருக்கேன். என்னால செலவு ஒண்ணும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு வேளைதான் சாப்பிடுறேன்.'" திருமதி டாலிவர் நிமிர்ந்தார். "உடம்புக்கு ஏதாவதா அவருக்கு?"

தெக்லா திரையை எட்டிப் பார்த்தாள்.

"லைன் சரியில்லைன்னும் குறிச்சிருக்காங்க. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சாம். உங்க பக்கம் டவர் கிடைக்காது, தெரியும். அம்மா, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆமாம், இல்லைன்னு சொன்னா போதும். மிஹால் பெட்ருனாக் உங்க வீட்ல இருக்காரா?"

தெக்லா இதற்குத்தான் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து பதில் தயார் செய்து வைத்திருந்தாள். இல்லை. ஒற்றைச் சொல். அதற்குப் பின்னால் வைக்கோல், சங்கிலி, தட்டு என்று எல்லாக் கதையையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது.

ஆனால் இன்று ஜனவரி ஆறு. இன்றைக்கு அப்படிச் சொன்னால் வாசல்வரை வந்தவர் திரும்பிப் போவார். போனவர் வருஷம் முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அம்மா சொன்னது, அம்மாவின் அம்மாவும் சொன்னது. தெக்லா அதை நம்புகிறாளா என்று கேட்டால் இல்லை என்பாள். கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வாய் தானாகப் பேசியது.

"இன்னைக்கு இருக்காரு."

"இருக்கார்," என்று திருமதி டாலிவர் பொத்தானை அழுத்தினார். 'இன்னைக்கு' என்பதற்கு அந்தத் திரையில் கட்டம் இல்லை. "நல்லதாப் போச்சு. கடைசி நாள் வேற. எங்க ஆய்வாளர் இன்னைக்கு உங்க பக்கம்தான் சுத்திக்கிட்டிருக்கார். அஞ்சு மணி வாக்குல எட்டிப் பாத்துட்டு வந்துடுவார். அவர் ஆளை எண்ணிச் சொன்னா பிடித்தம் நின்னுடும்."

"எண்ண முடியலைன்னா?"

"கதவைத் திறக்க ஆள் இல்லைன்னா, வீட்ல யாரும் இல்லைன்னு எழுதிடுவார். அடுத்த மாசத்துல இருந்து பாதிதான். மிட்டாய் எடுத்துக்குங்களேன்."

பட்டினி நாள் என்று தெக்லா மறுத்தாள். தியோடர் மூன்று எடுத்தார்.

திரும்பும் வழியில் நீர்த்தேக்க வளைவில் அவர் ரேடியோவைத் தொடவில்லை. தெக்லாவும் தொடவில்லை. பனியின் மேல் மீன் பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை. கரையிலிருந்து சாலைவரை காலடித் தடம் ஒன்று வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. ரோட்டில் ஏறி காரில் போயிருப்பார்கள் என்று தெக்லா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"போன் பண்ணது நீதானே?" என்றாள்.

"என் பொண்ணு மேல சத்தியமா இல்ல."

"உன் பொண்ணு மேல நீ தொண்ணூத்தாறுலயும் சத்தியம் பண்ண. பாலம் டெண்டர் விஷயத்துல."

"அது வேற சத்தியம்."

வீட்டில் ஆண்ட்ரி ஜன்னலோரம் உட்கார்ந்து நட்சத்திரத்துக்குக் காத்திருந்தான். ஐந்து மணிக்குள் வானொலிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கை நட்சத்திரம் என்று தியோடர் இரண்டு தடவை அறிவித்துவிட்டார். மூன்றாவது தடவை மேகம் கொஞ்சம் விலகி, மலைமுகட்டில் நிஜமாகவே ஒன்று மினுக்கியது.

"அக்கா, வந்துடுச்சு."

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தெக்லா இருவர் நெற்றியிலும் தேனால் சிலுவை வரைந்தாள். உட்காருவதற்கு முன் அவரவர் நாற்காலியை ஒருதரம் ஊதினார்கள். ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருந்தால் மேலே உட்கார்ந்து நசுக்கிவிடக் கூடாதே. ஆண்ட்ரிக்கு ஊத மூச்சுப் போதவில்லை. தெக்லா அவனுக்கும் சேர்த்து ஊதினாள். தியோடர் தன் நாற்காலியைப் பிறந்தநாள் கேக்கை ஊதுவதுபோல நாலு பக்கமும் ஊதினார்.

மெழுகுவர்த்தியை அணைக்கும்வரை யாரும் மேஜையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவர் அடுத்த வருஷம் இந்த மேஜைக்கு இருக்க மாட்டார். அது அந்த வீட்டுச் சட்டம்.

பூண்டைத் தேனில் தொட்டுத் தின்றார்கள். புளித்த காளான் சூப்பைத் தெக்லா நான்கு தட்டிலும் ஊற்றினாள். மிஹாலின் தட்டுக்கு வலப்பக்கம் கரண்டியை வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டான் ஆண்ட்ரி.

"சாப்பிடு."

"யாரு எந்திரிக்கிறது?"

"யாரும் எந்திரிக்க வேண்டாம்," என்றார் தியோடர். "சமய உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அரசியல் சட்டத்துலயே இருக்கு. நான் இருக்கேன்ல."

அப்போது கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. அவசரமில்லாத தட்டு.

யாரும் அசையவில்லை. ஆக்ஸிஜன் மிஷின் மட்டும் முணுமுணுத்தது.

"யாரது?" என்று தெக்லா உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள்.

பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு உருவம் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்ந்தது. கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகைந்ததுபோல் இருந்தது. விளக்கின் பிரதிபலிப்பாகவும் இருக்கலாம்.

மறுபடி மூன்று தட்டு.

"திறக்காத தெக்லா," தியோடரின் குரல் கிறீச்சிட்டது. "அது இன்ஸ்பெக்டர்னு என்ன நிச்சயம்?"

"இன்ஸ்பெக்டரா இருந்து நான் திறக்கலைன்னா?"

"நாளைக்கு நான் போய்ப் பேசுறேன்."

"நீ பேசினதெல்லாம் போதும்."

ஆண்ட்ரி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் விரல்கள் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். "அக்கா, வேணாம். ஹோம்ல டிவி பாத்துக்கிட்டுக் கிடந்துட்டுப் போறேன். நீ எந்திரிக்காத."

அவள் அவனைப் பார்த்தாள். எழுபது வருஷத்தில் இந்த மேஜையிலிருந்து பாதியில் எழுந்தவர் ஒருவர்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அடுப்புக்கு விறகு எடுத்து வர. அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை, பனியில் முக்காலிதான் மிச்சம்.

"சூப் ஆறிடும், குடி," என்று சொல்லிவிட்டுத் தெக்லா எழுந்தாள்.

சங்கிலி ஒருதரம் சிணுங்கியது. கூடம், நடை, கதவு. பதினோரு அடி. தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள்.

யாரும் இல்லை. குளிர் மட்டும் உள்ளே நுழைந்தது. இறக்கத்தில் ஒரு காரின் சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்துகொண்டிருந்தன. கதவின் கம்பிவலையில் ஒரு அட்டை செருகியிருந்தது. மேலே அரசாங்கக் கழுகு, கீழே பென்சில் கையெழுத்து.

உள்ளே கொண்டுவந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நின்றபடி படித்தாள்.

"சத்தமாப் படி," என்றான் ஆண்ட்ரி.

"'மாலை ஐந்து இருபது. கதவைத் தட்டினேன். குடும்பம் உணவருந்திக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்ய மனமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணினேன். பெண் ஒருவர். ஆண்கள் மூவர். வீட்டில் நால்வர் வசிப்பதாகப் பதிவு செய்கிறேன்.'"

"நாலா?" என்றான் ஆண்ட்ரி.

"இன்னும் இருக்கு. 'பிடித்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது. நால்வர் என்பதால் பங்கு மறுபடி கணக்கிடப்படும். அரசுதான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கலாம். பிப்ரவரி பத்தாம் தேதி விசாரணைக்கு நால்வரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.'"

ஆண்ட்ரி பெருமூச்சு விட்டான். அவனால் முடிந்த அளவுக்குப் பெரியது. "அப்ப நான் போக வேண்டாம்?"

"இப்போதைக்கு வேண்டாம்டா."

அவன் கண் கலங்கியது. தெக்லாவுக்கும்தான். அவள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கமும் ஒரு வரி இருந்தது.

"'ஜன்னலை நோக்கி அமர்ந்திருந்த பெரியவர் எனக்குக் கையசைத்தார். அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும்.'"

ஜன்னலை நோக்கி இருந்த நாற்காலி ஒன்றுதான், மிஹாலுடையது. மற்ற மூன்றும் ஜன்னலுக்கு முதுகையோ விலாவையோ காட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க கை ஆட்டினீங்களா அண்ணே?" என்று ஆண்ட்ரி கேட்டான்.

தியோடர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது தெரியவில்லை. ஏனென்றால் அவருடைய மற்ற பாகங்களும் ஆடிக்கொண்டிருந்தன.

தெக்லா மிஹாலின் தட்டைப் பார்த்தாள். சூப் அப்படியே இருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது. கரண்டி மட்டும் இடப்பக்கம் இருந்தது. மிஹாலுக்கு இடது கைப் பழக்கம்.

"இதை யாரு நகத்தினது?"

"நான் தொடலை அக்கா."

"தியோடர்?"

தியோடர் வாயைத் திறந்தார். ஊர்மன்றத்தில் எட்டு வருஷம் ஓயாத வாய். ஒன்றும் வரவில்லை.

அந்த அமைதியில்தான் மூவருக்கும் அது கேட்டது. மேஜைக்கு அடியில், மரத்தரையில், ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல், மெதுவாக, வைக்கோலின் நுனியிலிருந்து வடிவதுபோல.

"அக்கா," என்றான் ஆண்ட்ரி, குழாய்க்குள்ளிருந்து. "தண்ணி."

தெக்லா மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தாள். முழங்காலில் மண்டியிட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். வெளிச்சம் சங்கிலியில் பட்டு மின்னியது. தரையில் ஒரு சின்னக் குட்டை, பலகைகளின் சரிவில் மிஹாலின் நாற்காலியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அந்த நாற்காலியின் இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

நனைந்திருந்தது தியோடர் உட்கார்ந்திருந்த நாற்காலி.